லாடத்தின் இடப்பக்கம்

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஊரின் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு மாதாந்தரச் சோதனைக்காக ஊதியது. சமையலறையில் இருந்த மூவரும் தலையைத் தூக்கவில்லை. அது ஓயும்வரை டெனீஸ் காத்திருந்தாள். பிறகு விதியைச் சொன்னாள்.

ஏதாவது ஒரு உணவை ஆர்லீன் தனியாகச் செய்ய வேண்டும். எளிமையானதே போதும். யாரும் உதவக் கூடாது, பேசவும் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் டெனீஸ் கை நீட்டித் தடுப்பாள். அவள் ஒருமுறை தொட்டுவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. ஆர்லீன் இந்த வீட்டில் தனியாக இருக்கத் தகுதியில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும்.

"தெரியும்மா," என்றாள் ஆர்லீன். "நானும் இதைத்தான் சொல்லுவேன்."

ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் முப்பது வருடம் தேர்வு நடத்தியவள் அவள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மடியில் எழுதும் பலகையை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப்பேரைச் சாலையில் விட்டவள். மீதிப் பாதியை நடக்க விட்டவள் என்றும் சொல்வார்கள். நான் ஸ்டியரிங்கைத் தொட்டால் நீ ஃபெயில் என்பதுதான், கார் கிளம்பும் முன் அவள் சொல்லும் ஒரே வாக்கியம்.

டெனீஸ் மருத்துவமனை அனுப்பிய தெரபிஸ்ட். நாற்பது வயது இருக்கும். வாரம் இருமுறை வந்து ஆர்லீனின் இடக்கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். இன்று விரல்களைத் தொடவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றாள்.

கிரெக் மேசையருகே உட்கார்ந்திருந்தான். ஒரே மகன். நேபர்வில்லிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் அறையை அம்மாவுக்காகப் பிடித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்றான். அது ஏரி இல்லை, வாகன நிறுத்தத்து மழைத்தண்ணீர் தேங்கும் குட்டை என்று ஆர்லீன் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று டெனீஸ் கேட்டாள். டோஸ்ட்டும் காப்பியும் போதும், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள் என்றாள்.

"டோஸ்ட்ல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்."

"அப்புறம்?"

"லாடம்."

டெனீஸ் அடுப்பைப் பார்த்தாள். பக்கத்து ஊரான டிகேட்டரில் பிறந்தவள். லாடம் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தடித்த டோஸ்ட், மேலே ஹாம், அதன்மேல் குவியலாக உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் சூடான சீஸ் குழம்பு. இந்த ஸ்பிரிங்ஃபீல்டில் இதை மதுக்கடையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டில் செய்கிறவர்கள் குறைவு. கொதிக்கிற எண்ணெய், கொதிக்கிற குழம்பு, ஒரே நேரத்தில் மூன்று அடுப்பு. இரண்டு கை உள்ளவர்களே யோசிப்பார்கள்.

"அம்மா," என்றான் கிரெக், "மட்டமாவது பண்ணேன்."

பாதி லாடத்துக்கு இந்த ஊரில் மட்டக்குதிரை என்று பெயர். ஒற்றை டோஸ்ட், அதற்குத் தகுந்த அளவு மற்றதெல்லாம். குழந்தைகளும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்களும் வாங்குவது.

"மட்டத்தை உன் வீட்ல பண்ணிக்க," என்றாள். "இந்த வீட்ல லாடம்தான்."

நவம்பரில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பிவிட்டது. இடக்கை பாதி திரும்பியது. திரும்பாதது வேறொன்று. இடப்பக்கம் இருப்பது அவள் கண்ணில் விழும், மூளை அதைக் கணக்கில் சேர்க்காது. மருத்துவமனையில் இரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, மட்டம் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று சத்தம் போட்டாள். நர்ஸ் ஒன்றும் பேசாமல் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். மறுபாதிச் சாப்பாடு முழுதாக அங்கே இருந்தது.

அதன்பிறகு அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எந்த மேசையானாலும் அதன் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். வீட்டிலும் டெனீஸ் ஒட்டியிருந்தாள், சமையல் மேடையின் ஓரத்திலும் அடுப்பின் ஓரத்திலும்.

இப்போது அங்கே நாடா இல்லை. பசையின் தடம் மட்டும் இருந்தது.

டெனீஸ் அந்தத் தடத்தை விரலால் தடவினாள். எங்கே என்று கேட்டாள். காலையில் உரித்துவிட்டதாக ஆர்லீன் சொன்னாள். அது ஒட்டியிருக்கிற வரைக்கும் இது தன் சமையலறை மாதிரி இல்லை என்றாள். இன்றைக்கு ஒருநாள் இருக்கட்டுமே என்று டெனீஸ் சொல்லிப் பார்த்தாள்.

"கார்ல நாடா ஒட்டி யாருக்கும் நான் லைசென்ஸ் குடுத்ததில்லம்மா."

டெனீஸ் மணியைப் பார்த்துக்கொண்டாள். ஆரம்பிக்கலாம் என்றாள்.

ஆர்லீன் உருளைக்கிழங்கை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அவளுக்காக ஒரு பலகையில் அடிப்பக்கமாக இரண்டு ஆணி அடித்துக் கொடுத்திருந்தார். கூர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கிழங்கை அதில் குத்தி நிறுத்தினாள். இடக்கை தேவைப்படவில்லை. வலக்கையால் நீளநீளமாக அரிந்தாள். முதலில் தடிமன் கோணலாக வந்தது. மூன்றாவது கிழங்கில் சரியானது.

"லாடத்துக்கு ஆணி வேணும்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த ஊரில் அந்தக் காலத்தில் வறுவலை ஆணி என்றுதான் சொல்வார்கள்.

"அம்மா, கத்தி," என்றான் கிரெக்.

பேசக் கூடாது என்று டெனீஸ் அவனிடம் சொன்னாள்.

கிழங்கைத் துணியில் உருட்டி ஈரம் போக்கினாள். கனமான பாத்திரத்தை வலப்பக்கப் பின் அடுப்பில் வைத்து எண்ணெயை ஊற்றினாள். பாதிக்குக் கீழேயே நிறுத்தினாள். கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதை டெனீஸ் குறித்துக்கொண்டாள்.

"அம்மா, எண்ணெய்."

"கிரெக்," என்றாள் டெனீஸ்.

"இல்ல, அவங்க சட்டைக் கை தொங்குது, அதான்..."

ஆர்லீன் சட்டைக் கையைப் பல்லால் இழுத்து முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டாள். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சீஸ் துருவுவதுதான் கடினம் என்று டெனீஸ் நினைத்திருந்தாள். ஆர்லீன் மேசை இழுப்பறையைத் திறந்து, துருவியைப் பாதி உள்ளே நிறுத்தி, இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி இறுக்கினாள். துருவி அசையாமல் நின்றது. ஒரு கையால் முழுக் கட்டியையும் துருவினாள். இழுப்பறைக்குள் கரண்டிகளின் மேல் சீஸ் விழுந்தது. அள்ளி எடுத்தாள். கரண்டிகளை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.

வலப்பக்க முன் அடுப்பில் வெண்ணெய் உருகியது. மாவைத் தூவிக் கிண்டினாள். பீர் கேனைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கித் திறந்தாள்.

"அம்மா, மாத்திரை சாப்பிடற, பீர் கூடாது."

"குழம்புக்குடா. குழம்பு மாத்திரை சாப்பிடறதில்ல."

டெனீஸ் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று கிரெக்கிடம் சொன்னாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

பீர் விழுந்து நுரைத்து அடங்கியது. கடுகுத்தூள், கொஞ்சம் வூஸ்டர் சாஸ், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். தீயைக் குறைத்து, சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். அவசரப்பட்டால் திரிந்துவிடும். அவள் அவசரப்படவில்லை. கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். குழம்பு அதன் முதுகில் ஒட்டி நின்றது.

அந்தக் கடைக்காரன் டப்பாவிலிருந்து ஊற்றும் மஞ்சள் பசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அப்படி ஒரு கடை உண்டு.

எண்ணெயில் ஒரு கிழங்குத் துண்டைப் போட்டாள். குமிழ் கட்டி மேலே வந்தது. மீதியைக் கம்பிக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கினாள். எண்ணெய் பொங்கியது. கிரெக்கின் நாற்காலி கிறீச்சிட்டது. பொங்கியது அடங்கியது. நாற்காலியும் அடங்கியது.

இடப்பக்க முன் அடுப்பைப் பற்ற வைத்து வாணலியில் இரண்டு ஹாம் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டாள். டோஸ்டர் துப்பிய இரண்டு ரொட்டிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, அடுப்புக்கு வலப்பக்கம் மேடைமேல் இருந்த நீள்வட்டத் தட்டில் வைத்தாள். ஒன்று வலப்பக்கம். ஒன்று இடப்பக்கம்.

வறுவலை வடித்தெடுத்து உப்புத் தூவினாள். எண்ணெய் அடுப்பை அணைத்தாள். அதையும் டெனீஸ் குறித்துக்கொண்டாள். வாணலியிலிருந்து ஹாமை எடுத்து டோஸ்ட் மேல் வைத்தாள். வறுவலை அதன்மேல் குவித்தாள். குழம்புப் பாத்திரத்தின் அடுப்பையும் அணைத்தாள். பாத்திரத்தைத் தூக்கிச் சாய்த்தாள்.

குழம்பு அழகாக விழுந்தது. வறுவலின் இடுக்குகளில் இறங்கி, ஹாமின் விளிம்பில் வழிந்து, தட்டில் பரவியது.

எல்லாம் வலது டோஸ்ட் மேல்.

இடது டோஸ்ட் வெறுமையாகக் கிடந்தது. வாணலியில் இடது ஹாம் துண்டு இன்னும் இருந்தது. அதன் அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது.

ஆர்லீன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள்.

"ஆச்சு," என்றாள்.

டெனீஸ் பேனாவை நிறுத்தினாள்.

அவள் முள்கரண்டிகளை எடுக்கப் போனாள். வலப்பக்கம் திரும்பி, கழுவ வேண்டிய கரண்டிகளை நினைத்து, அலமாரியில் வேறு தேடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாணலியின் விளிம்பிலிருந்து நீலமாக ஒரு புகை கிளம்பியது. கிரெக்கின் நாற்காலி அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவன் வாணலியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

மூக்குக்கு இடம் வலம் கிடையாது. ஆர்லீன் நின்றாள்.

"என்ன கருகுது?"

பதில் இல்லை.

அந்த அமைதி அவளுக்குத் தெரியும். அவளே உண்டாக்கிய அமைதி அது. பக்கத்துச் சாலையிலிருந்து வண்டி வருவதைப் பார்க்காமல் ஒருவன் காரைத் திருப்பும்போது அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பேனாவை மட்டும் நிறுத்துவாள். காருக்குள் காற்று மாறிவிடும். கவனமுள்ளவர்கள் அதைக் கேட்டுவிடுவார்கள், என்ன தப்பு என்று தெரியாமலேயே பிரேக்கை மிதிப்பார்கள். மற்றவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள், அவளுடைய கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை.

அவள் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்த்தாள். அணைந்திருந்தது. குழம்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது. அடுப்பு அவ்வளவுதான். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

டெனீஸ் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நிமிர்ந்தாள். ஓர் அடி வைத்தாள். அவள் கை அடுப்பின் குமிழை நோக்கி நீண்டது.

ஆர்லீன் அந்தக் கையைப் பார்த்தாள்.

"தொடாதம்மா."

"ஆர்லீன்..."

"தொடாத. இன்னும் கார் என் கையில இருக்கு."

கை அந்தரத்தில் நின்றது. ஆர்லீன் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினாள். அடுப்பு முடிகிறது என்று மூளை சொன்ன இடத்தைத் தாண்டித் திருப்பினாள். காரின் பக்கக் கண்ணாடியை நம்பாதே, கழுத்து எதற்கு இருக்கிறது என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். கழுத்து வலித்தது. தாடை தோளில் இடித்தது. பசையின் தடம் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால், இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்ததுபோல், ஒரு வாணலி இருந்தது.

இருந்ததுபோல் அல்ல. இருந்தது.

அவள் குமிழைத் திருப்பி அடுப்பை அணைத்தாள். டெனீஸின் விரல்கள் அவள் விரல்களிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி இருந்தன. வாணலியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்தாள். ஹாமின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

பிறகு தட்டின் அருகே போனாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது முழு லாடம்தான், ஒரு குறையும் இல்லை. கையை வைத்து அரைவட்டம் திருப்பினாள்.

வெறும் டோஸ்ட் வந்தது.

"மட்டம் பண்ணிட்டேன்," என்றாள் மெதுவாக. "என் வீட்ல, என் கையால."

கிரெக் எழுந்து வந்தான். பரவாயில்லை அம்மா என்றான். நீ இவ்வளவு செய்ததே பெரிது என்றான். அங்கே எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், நீ சமைக்கவே வேண்டாம் என்றான். அவன் கை தட்டை நோக்கிப் போனது, எடுத்து மேசைக்குக் கொண்டுபோக.

"வை கைய கீழ. முடியல இன்னும்."

அவன் பின்வாங்கினான்.

குழம்பு இறுகியிருந்தது. அதை மறுபடி அடுப்பில் ஏற்றி மீதிப் பீரில் கொஞ்சம் விட்டுக் கிண்டினாள். இளகியது. கருகிய ஹாமைக் கத்தியால் சுரண்டி, சுரண்டிய பக்கம் கீழே இருக்கும்படி டோஸ்ட் மேல் போட்டாள். குவியலிலிருந்து பாதி வறுவலை இழுத்துப் பரப்பினாள். ஊற்றினாள். அடுப்பை அணைத்தாள். தலையை இடது தோள்வரை திருப்பி, மற்ற அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தட்டை இன்னொரு முறை சுற்றினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் மஞ்சளாகவே இருந்தது.

டெனீஸ் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஒரு அடுப்பைக் கவனிக்காமல் விட்டது உண்மை. அது அறிக்கையில் வரும். வாசனையை வைத்துத் தானாகத் தேடிக் கண்டுபிடித்ததும் உண்மை. அதுவும் வரும்.

"நீ தொட்டியாம்மா?"

"தொடல."

"அப்ப?"

"அப்ப நீங்க இங்கயே இருக்கலாம்," என்றாள் டெனீஸ். "நாடா திரும்ப ஒட்டணும். எண்ணெய் காய வைக்கறப்ப யாராவது கூட இருக்கணும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கறேன்."

ஆர்லீன் அலமாரியிலிருந்து சிவப்பு நாடாச் சுருளை எடுத்தாள். குப்பையில் போடவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தாள். டெனீஸ் வாங்க நீட்டிய கையில் அதைக் கொடுக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்துத் தானே ஒட்டினாள். மேடையில் ஒன்று. அடுப்பில் ஒன்று. கோணலாக இருந்தது. கோணலாகவே இருக்கட்டும் என்றாள், இப்போதுதான் அது தன்னுடைய நாடா. எண்ணெயைப் பற்றி ஒரு மாதம் கழித்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

தட்டை மேசை நடுவில் வைத்தாள். மூன்று முள்கரண்டி. டெனீஸ் பணி நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தாள். கருகிய பக்கம் தன் முன்னால் வரும்படி ஆர்லீன் தட்டைத் திருப்பினாள். ஒரு வாய் வைத்தாள். மென்று விழுங்கினாள். உப்பு கொஞ்சம் குறைவு என்றாள்.

கிரெக் கரண்டியைத் தொடவில்லை. அறையை வெள்ளிக்கிழமைவரை விட்டுவிட வேண்டாம், ஒரு மாதத்தில் எதுவும் ஆகலாம், நிதானமாக யோசிக்கலாம் என்று தொடங்கினான். அவள் அவனை முடிக்க விட்டாள். தேர்வு முடிந்த காரில் விளக்கம் சொல்கிறவர்களை அவள் எப்போதும் முடிக்க விடுவாள்.

பிறகு தலையைத் திருப்பினாள். அவன் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அவன் முழுதாகத் தெரியும்வரை திருப்பினாள்.

"கத்திக்குக் கத்துன. எண்ணெய்க்குக் கத்துன. பீருக்குக் கத்துன. அடுப்பு உன் பக்கத்துல எரிஞ்சுதே, அப்ப மட்டும் ஏன்டா நீ வாயத் தொறக்கல?"